ஆசிரியர் சேராத ஜெபம்

பிள்ளைகள் பக்தியில் வளரப் பெரியவர்கள் எந்த அளவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்? டெக்ஸாஸில் என் மகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் பார்த்தேன். மதிய இடைவேளையில் மாணவர்களே கிறிஸ்தவ மன்றம் நடத்துகிறார்கள். ஒருத்தி சங்கீதம் வாசிக்கிறாள், இன்னொருவன் விளக்கம் சொல்லத் திணறுகிறான். ஆசிரியர் மூலையில் விடைத்தாள் திருத்துகிறார். ஜெபத்தில் அவர் சேர்வதில்லை, சேரவும் கூடாது.

நாகர்கோவிலில் ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்தவள் நான். வசனத்தில் ஒரு சொல் பிசகினாலும் எடுத்துக்கொடுக்க அங்கே அக்காமார் இருந்தார்கள். அந்த அன்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் தேவாலயம் வேறு, அரசுப் பள்ளி வேறு. அரசு சம்பளம் வாங்குகிறவர் ஜெபத்தை நடத்தினால், அது அரசின் ஜெபமாகிவிடும். அரசு எழுதிக்கொடுத்த ஜெபத்தைப் பள்ளியில் சொல்லவைக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

அப்படியானால் மாணவர்கள் தாங்களாகக் கூடி ஜெபிப்பது? 1985-இல் நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவில் பிரிட்ஜெட் மெர்கென்ஸ் என்ற மாணவி கிறிஸ்தவ மன்றம் தொடங்க அனுமதி கேட்டார், பள்ளி மறுத்தது. அதே பள்ளியில் சதுரங்க மன்றமும் முக்குளிப்பு மன்றமும் இருந்தன. பாடத்தோடு சேராத ஒரு மன்றத்துக்கு இடம் கொடுத்தால், மதத்தையோ அரசியலையோ காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 1990-இல் எட்டு நீதிபதிகள் மாணவி பக்கம் நின்றார்கள். ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

அந்தச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1996-இல் சால்ட் லேக் சிட்டியில் தன்பாலீர்ப்பு மாணவர்களும் அவர்களின் நண்பர்களும் மன்றம் கேட்டபோது, அதைத் தடுப்பதற்காகக் கல்வி வாரியம் பாடத்தோடு சேராத மன்றங்கள் அத்தனையையும் மூடியது. அடுத்தவர் கதவை அடைக்கப் போனால் நம் கதவும் அடைபடும்.

விசுவாசியாகவே இதைச் சொல்கிறேன். யாரும் எடுத்துக்கொடுக்காதபோது திணறித் தேடும் ஜெபம் அந்தப் பிள்ளையின் சொந்த ஜெபம். உனக்கு வேண்டியதைப் பிறருக்கும் செய் என்பதே மலைப்பிரசங்கத்தின் போதனை. ஆகவே முஸ்லிம் மாணவர்களுக்கோ கடவுளை நம்பாதவர்களுக்கோ மன்றம் மறுக்கப்பட்டால், முதலில் எழுந்து பேச வேண்டியவர்கள் கிறிஸ்தவ மன்றத்துப் பிள்ளைகள்தான். என் மகளிடம் நான் கேட்பதும் அதைத்தான்.