தீர விசாரியுங்கள்!



ஒரு செய்தி நம் காதில் விழுந்ததும் நாம் முதலில் செய்ய வேண்டியது யாது? சூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனத்தில் அல்லாஹுத்தஆலா இதற்கு வழிகாட்டியிருக்கின்றான். தீயவன் ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரித்துக் கொள்ள வேண்டும்; இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது அதன் கருத்து.

இவ்வசனம் இறங்கிய காரணத்தைத் தப்ஸீர் ஆசிரியர்கள் பலர் கூறியுள்ளனர். பனூ முஸ்தலிக் கூட்டத்தாரிடம் ஜகாத் வசூலித்து வர நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரை அனுப்பினார்கள். அவரை வரவேற்கவே அக்கூட்டத்தார் புறப்பட்டு வந்தனர். அவரோ அஞ்சி வழியிலேயே திரும்பி, அவர்கள் ஜகாத் தர மறுத்ததாகவும் தம்மைக் கொல்ல முயன்றதாகவும் சொல்லிவிட்டார். படை அனுப்பும் பேச்சும் எழுந்தது. ஆனால் விசாரித்தபோது அவர்கள் ஈமானில் உறுதியாகவே இருந்தனர். விசாரணை ஒன்றினால் ஒரு கூட்டத்தாரின் இரத்தம் காக்கப்பட்டது!

விசாரணையைப் புறக்கணித்தால் விளைவதென்ன? ஈராக்கைப் பாருங்கள்.

2003 பிப்ரவரி 5-ல் அமெரிக்க வெளிநாட்டு அமைச்சர் காலின் பவல், நோய்க்கிருமி ஆயுதம் செய்யும் நடமாடும் கூடங்கள் ஈராக்கிடம் இருப்பதாக ஐ.நா. பாதுகாப்புச் சபையில் கூறினார். அதற்கு முக்கிய ஆதாரம், ஜெர்மனியில் அடைக்கலம் புகுந்திருந்த ஓர் ஈராக்கியரின் வாய்ச்சொல். அவரை நம்ப முடியாது என்ற எச்சரிக்கை உளவுத்துறைக்குள்ளேயே எழுந்திருந்தது. தாம் சொன்னது பொய்யென்று 2011-ல் அவரே ஒப்புக்கொண்டார்.

ஈராக் நைஜர் நாட்டில் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய பத்திரங்கள் உண்மையானவையல்ல என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் அல்பராதி மார்ச் 7-ல் அறிவித்தார். ஆய்வை முடிக்க இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று அன்றே ஐ.நா. ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸும் கூறினார். அந்த அவகாசம் தரப்படவில்லை. மார்ச் 20-ல் போர் மூண்டது.

பிறகு அமெரிக்காவே அனுப்பிய குழு தேடிப் பார்த்து, ஆயுதக் குவியல் ஏதும் இல்லையென 2004-ல் அறிக்கை தந்தது. இல்லாத உறுதியை இருப்பதுபோல் காட்டி மக்கள் முன் வைத்தார்கள் என்பதே 2016-ல் பிரிட்டனின் சில்காட் விசாரணை கண்ட முடிவு. தம் பெயரில் படிந்த கறை இது என்று பவலும் பின்னர் வருந்தினார். ஆனால் அந்த வருத்தம் மாண்டவர்களை மீட்டுத் தருமா? விதவையின் கண்ணீரைத் துடைக்குமா?

சதாம் உசேன் நீதிமானா என்று சிலர் கேட்கலாம். 1988-ல் ஹலப்ஜாவில் குர்து மக்கள் மீது நச்சுப்புகை வீசியது அவருடைய ஆட்சியே. அந்த அநீதியை நாம் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு சாரார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பது சூரத்துல் மாயிதா நமக்குப் புகட்டும் பாடமன்றோ? கொடியவன் மீதும் பொய்க்குற்றம் சுமத்த நமக்கு உரிமையில்லை.

அரசர்களைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாமா? பெண் பார்க்கும் வீட்டைப் பற்றி, மருமகளைப் பற்றி, அண்டை வீட்டாரைப் பற்றி எத்தனை சொற்களை விசாரியாமல் நாம் கை மாற்றுகின்றோம்! சந்தேகத்தை விழுங்கிவிட்டு, "நிச்சயமாகத் தெரியும்" என்கின்றோம்! படையெடுத்து அழிக்க நம்மிடம் நாடில்லை. ஆனால் ஒரு குடும்பத்தை அழிக்க நம் நாவே போதும்.

செய்தியைத் தீர விசாரித்து, நீதியுடன் பேசும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.