தெரியாது என்று சொல்வதும் கித்மத்துதான்

ஹாஜிகளுக்குக் கித்மத் செய்வது பெரும் பாக்கியம் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. சவூதி நாட்டிலே பிழைப்புக்காகத் தங்கியிருக்கும் நம்மவர்களில் பலர், துல்ஹஜ் மாதம் பிறந்ததும் விடுமுறையை ஒதுக்கி வைத்து, உரிய அனுமதி பெற்று மினாவுக்குச் செல்கின்றனர். வழி தவறியவர்களைக் கூடாரத்தில் சேர்ப்பது, முதியோரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் செல்வது, கஞ்சியும் தண்ணீரும் கொடுப்பது ஆகியன அவர்கள் செய்யும் பணிகள். 2018ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது நாங்களும் அத்தகைய ஒரு குழுவில் சேர்ந்திருந்தோம்.

சென்றதென்னவோ நன்மை தேடித்தான். ஆனால் முதல் நாளிலிருந்தே எங்கள் கைகள் செய்த பிழைகளுக்குக் கணக்கில்லை. பாயாக விரித்தது போன்ற வெயிலில் முகம் வியர்த்து வந்த ஒருவருக்கு, இஹ்ராமில் இருக்கிறார் என்பதை மறந்து நறுமணம் ஊட்டிய ஈரக் காகிதத்தைக் கொடுத்து விட்டோம். துடைத்த பிறகே வாசனை தெரிந்து மனிதர் பதறிப் போனார். ஓர் ஆலிமைத் தேடிப் பிடித்து விளக்கம் கேட்கும்வரை அவருக்கும் நிம்மதியில்லை, எங்களுக்கும் இல்லை.

மற்றொரு நாள், இந்தோனேசியாவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் எங்கள் கையைப் பற்றிக் கொண்டு, "ஆயர், ஆயர்" என்று சொன்னார். காணாமற்போன கணவரின் பெயர் போலும் என்றெண்ணி, அவரையும் உடன் நடத்திக் கொண்டு, "ஆயர் இருக்கிறாரா?" என்று கூடாரம் கூடாரமாக விசாரித்தோம். மலேயாவில் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டுவிட்டு, "அட பாவிகளா! அந்த அம்மா தண்ணியல்லவா கேட்கிறாங்க!" என்றார். மலாய் மொழியில் ஆயர் என்றால் தண்ணீர். எங்கள் தோளில் தொங்கிய பையிலே ஆறு பாட்டில் தண்ணீர் இருந்தது!

இதையெல்லாம் இன்று சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

துல்ஹஜ் பதினொன்றாம் நாள் நண்பகல். கல்லெறிந்து திரும்பும் கூட்டத்தில் தம் தோழர்களைத் தவறவிட்ட மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எங்களிடம் வந்து, கூடார எண் எழுதிய அட்டையை நீட்டினார். மினாவிலே கூடாரங்கள் எல்லாம் ஒரே வெள்ளை நிறம், ஒரே வடிவம். தெருவின் எண்ணும் கம்பத்தின் எண்ணும்தான் அடையாளம். எங்களைச் சுற்றிலும் பத்துப் பேர் நின்று வழி கேட்டுக் கொண்டிருந்தனர். அட்டையை அரைப் பார்வை பார்த்துவிட்டு, "அந்தப் பாலத்தைத் தாண்டி நேராகப் போங்கள் அத்தா" என்று கையைக் காட்டினோம். உண்மையில் அந்த எண் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் திட்டமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கையிலே தொண்டர் பட்டை கட்டியிருந்தோமே!

அஸர் நேரத்தில் அவரை வேறொரு தொண்டர் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பாதங்கள் கொப்பளித்திருந்தன. உதடுகள் வெடித்திருந்தன. அவருடைய கூடாரமோ நாங்கள் நின்ற இடத்திலிருந்து இரண்டு தெருக்கள்தாம் தள்ளி, பாலத்துக்கு எதிர்ப்புறத்தில் இருந்தது. வழி காட்டியது யாரென்று அவருக்கு நினைவில்லை. தண்ணீர் கொடுத்த எங்களுக்கே துஆச் செய்தார். நாங்கள் மௌனமாக நின்று அந்தத் துஆவை வாங்கிக் கொண்டோம்.

அன்றிரவு எங்களுக்குள் பேச்செழுந்தது. "நாம் கூலிக்கா வந்தோம்? நிய்யத் சுத்தமாக இருக்கிறது. அல்லாஹ் உள்ளத்தைப் பார்க்கிறான். இதைப் போய்ப் பெரிதுபடுத்தலாமா?" என்றார் ஒருவர். கேட்பதற்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது சரிதானா?

அமல்கள் நிய்யத்தைக் கொண்டே மதிக்கப்படுகின்றன என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அறியாமல் நேர்ந்த தவறுக்காக வல்ல நாயன் நம்மைக் குற்றம் பிடிக்க மாட்டான் என்றும் நம்புகிறோம். ஆயினும், தவறுதலாகப் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவன் மீது பாவம் இல்லாவிடினும் ஈடு செய்யும் கடமை உண்டு என்பது ஃபிக்ஹுச் சட்டம். தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால்கூட, பரிகாரமும் நஷ்டஈடும் உண்டென்பதை சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் கூறவில்லையா? ஆக, நிய்யத் என்பது நமக்கும் அல்லாஹ்வுக்கும் இடையேயுள்ள கணக்கு. கொப்பளித்த பாதமோ அடியானுடைய ஹக்கு. ஒரு கணக்கின் வரவைக் காட்டி மறு கணக்கின் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

அதிலும் எங்கள் தவறு வெறும் அறியாமை அன்று. அறியாமையை மறைத்த தவறு. தலையில் காயம்பட்ட ஒரு தோழர், குளிப்புக் கடமையானபோது தயம்மும் செய்யலாமா எனக் கேட்க, உடன் இருந்தோர் தெளிவின்றிக் கூடாதென்று கூறி விட்டனர். அவர் குளித்தார், மரணமும் அடைந்தார். இதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அவ்வாறு சொன்னவர்களும் நல்லெண்ணம் உடையவர்களே. எனினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்து, அறியாமை எனும் நோய்க்குக் கேட்டறிவதே மருந்து என்று உணர்த்தினார்கள்.

ஹஜ்ஜின் கித்மத்துக்கு முன்மாதிரியான அப்பாஸ் (ரலி) அவர்களைப் பாருங்கள். ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் பொறுப்பு அவர்களுடையது. அதற்காக மினாவின் இரவுகளை மக்காவில் கழிக்க வேண்டியிருந்தது. தம் பணி உயர்ந்த பணிதானே என்று தாமாக முடிவு செய்து கொள்ளவில்லை. பெருமானாரிடம் கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. அத்தனை பெரிய தொண்டரே கேட்டுத்தான் செய்தார் எனில், கைப்பட்டை கட்டிய நாம் எம்மாத்திரம்?

மறுநாள் ஸுபுஹுக்குப் பின் அந்தப் பெரியவரின் கூடாரத்துக்குச் சென்றோம். "அத்தா, நேற்று உங்களுக்குத் தப்பான வழி காட்டியது நாங்கள்தான். மன்னிக்க வேண்டும்" என்றோம். சற்று நேரம் எங்களையே பார்த்தார். பிறகு சொன்னார்: "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அங்கேயே உக்காந்திருப்பேனே தம்பி. யாராவது தேடி வந்திருப்பாங்க. சரி, நான் மன்னிச்சுட்டேன். அடுத்து வர்றவனுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க."

அந்த ஒரு சொல் எத்தனையோ பயான்களுக்குச் சமம். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? நோயாளிக்கு நாமே மருந்து சொல்கிறோம்; மஸ்அலா கேட்டவருக்கு நாமே ஃபத்வா கொடுக்கிறோம்; தவறிப் போனால் நிய்யத்தின் பின்னால் ஒளிந்து கொள்கிறோம். உதவி தேடி வந்தவர் நம் உள்ளத்தின் மீதல்ல, நம் சொல்லின் மீதே நடந்து செல்கிறார் என்பதை மறவாதிருப்போம். தெரிந்ததைச் செய்வோம், தெரியாததைக் கேட்போம், தவறு நேர்ந்தால் உரியவரிடமே சென்று மன்னிப்புத் தேடுவோம். அந்தத் துணிவையும் பணிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.