கால் கழுவும் கைகளுக்கும் ஓய்வு

பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
எரேமியா 23:1-6, எபேசியர் 2:13-18, மாற்கு 6:30-34



நம் தருமபுரி மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனாலும் கடற்கரைச் சொகுசு விடுதி இன்று நமக்குத் தெரியாத உலகம் அல்ல. பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், திருமண நாளுக்கென்று அப்பா அம்மாவைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கூட்டிப் போகிறார்கள். அலையைப் பார்த்தபடி அறை, நீச்சல் குளம், மூலிகை எண்ணெய் மசாஜ். காட்டிலும் கழனியிலும் உழைத்துக் காய்த்துப்போன உடம்புக்கு இதெல்லாம் எதற்கு, இப்படிச் செலவழிப்பது பாவமில்லையா என்று கூச்சப்படுகிற பெற்றோரும் உண்டு.

இன்றைய நற்செய்தியைக் கேளுங்கள். திருத்தூதர்கள் ஊர் ஊராய்ச் சென்று பணி செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வருவோரும் போவோருமாய் ஒரே கூட்டம், சாப்பிடக்கூட நேரமில்லை. இயேசு அவர்களுக்கு அடுத்த வேலையை ஒப்படைக்கவில்லை. தனிமையான ஓரிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறச் சொன்னார். படகில் அவரும் உடன் சென்றார். சாவே மேல் என்று சூரைச்செடியடியில் படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவுக்கும் ஆண்டவர் முதலில் அறிவுரை அனுப்பவில்லை. தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் அனுப்பினார். ஆகவே, களைத்த உடம்பை ஆற்றுவது பாவமல்ல. உடம்பைப் படைத்தவருக்கு அதன் களைப்பும் தெரியும்.

ஆனால் நற்செய்தி அத்தோடு முடியவில்லை. படகு கரை சேர்ந்தபோது, மேய்ப்பரின்றித் தவிக்கும் பெருங்கூட்டம் அங்கே காத்து நின்றது. இயேசு எரிச்சல் படவில்லை, மனமிரங்கினார். நண்பர்களின் களைப்பைக் கண்ட அதே கண்கள், கரையில் நின்றவர்களின் களைப்பையும் கண்டன. ஓய்வெடுக்கப் போகிற நமக்கும் அந்தக் கண்கள் வேண்டும்.

சென்னைக்குத் தெற்கே கோவளம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 1808இல் ஜான் டி மான்ட் என்ற வணிகர் கட்டிய கார்மேல் அன்னை ஆலயம் அங்கே உள்ளது. அதே கரையில், பழைய கோட்டை இருந்த இடத்தில், தாஜ் குழுமத்தின் ‘ஃபிஷர்மேன்ஸ் கோவ்’ விடுதி அமைந்திருக்கிறது. ஒருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து விடியலை ரசிக்கிறார்; அதே விடியலில் இன்னொருவர் இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கரையேறுகிறார். இரவெல்லாம் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காத பேதுருவின் படகில் ஏறி அமர்ந்தவர் நம் ஆண்டவர் என்பதை மறக்க வேண்டாம்.

கோவளம்வரை போவானேன்? நம் ஒகேனக்கல் போதும். ஆற்றங்கரையில் எண்ணெயோடு நிற்கும் மசாஜ் தொழிலாளிகளை நீங்கள் அறிவீர்கள். தோள், முதுகு, கால் என்று தேய்த்து நீவிவிடுவார்கள். அப்படியே எழுந்துபோய்க் குளித்தால் உடம்பு வலி பறந்துவிடும். ஆடியில் காவிரி பெருக்கெடுத்தால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்கு அது வேண்டியதே. நாம் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிவிடுவோம். எண்ணெய் தேய்ப்பவருக்கும் பரிசல்காரருக்கும் அன்று வருமானமில்லை. பிழைப்பு நின்றுபோன நாளை ஓய்வுநாள் என்று சொல்ல முடியுமா? தண்ணீர் வடிந்தபின் அவர்களிடமே போய் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோமே, அது தகுமா?

இணைச் சட்டம் 5ஆம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக அமர்ந்து வாசியுங்கள். ஓய்வுநாள் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. மகனுக்கு, மகளுக்கு, வேலையாட்களுக்கு, மாட்டுக்கும் கழுதைக்கும், ஊருக்குள் தங்கியிருக்கும் அந்நியருக்கும் கொடுக்கப்பட்டது. எகிப்தில் அடிமையாய் இருந்ததை நினைவில் வைக்கச் சொல்கிறது அந்தக் கட்டளை. அடிமைக்கு ஓய்வில்லை. விடுதலை பெற்றவன் தானும் ஓய்ந்திருப்பான், தன்னிடம் வேலை செய்பவரையும் ஓய்ந்திருக்கவிடுவான். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதிய சுற்றுமடலில் இந்த ஓய்வுக்காக வாதாடினார். கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்வோருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. சக மனிதர் உட்கார ஒரு நாற்காலி போடுவதற்கே சட்டம் வரவேண்டியிருந்தது என்பது நம் மனசாட்சியை உறுத்த வேண்டும்.

கடற்கரை விடுதிகளில் உள்ள ஸ்பாக்கள் பலவற்றில் முதலில் நம் கால்களைத்தான் கழுவுகிறார்கள். வெதுவெதுப்பான நீர், மெல்லிய துண்டு, குனிந்த தலை. பெரிய வியாழனன்று இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியவர் யார்? ஆண்டவர் தம் கையால் செய்த வேலையை அல்லவா அந்தப் பணியாளர் செய்கிறார்! தொலைதூர மாநிலம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்த பிள்ளையாக இருக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகளும் வெளியூர் ஓட்டல்களில் அப்படித்தான் தட்டு ஏந்தி நிற்கிறார்கள். அந்தப் பணியாளரின் முகத்தைப் பாருங்கள், பெயரைக் கேளுங்கள், நன்றி சொல்லுங்கள். நம் பிள்ளையை மற்றவர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று விரும்புவோமோ, அப்படி அவரை நடத்துங்கள்.

அன்புக்குரியவர்களே, வசதி இருந்தால் கடற்கரைக்குப் போய் வாருங்கள். வயதான பெற்றோரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். போக முடியாதவர்கள் வீட்டிலேயே இந்த ஞாயிறை ஆண்டவருக்கும் உடம்புக்கும் கொடுங்கள். திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போனதும் அடுப்படியில் நிற்கும் மனைவியை, தாயை உட்கார வையுங்கள்; ஆண்பிள்ளைகள் கரண்டி பிடியுங்கள். கடையும் பட்டறையும் நடத்துகிறவர்கள் வேலையாட்களுக்குச் சம்பளத்தோடு வார விடுமுறை கொடுங்கள். எனக்குக் கிடைத்த ஓய்வில் என் அயலாருக்கும் பங்கு உண்டு என்று வாழும்போதுதான் அது ஆண்டவர் தரும் ஓய்வாகிறது. அத்தகைய ஓய்வை அவர் நம் எல்லார் வீட்டுக்கும் அருள்வாராக. ஆமென்.