சமாதானக் குழுவில் தொண்டும் அதிகாரமும்

தொண்டு செய்பவர் தமக்கென எதையும் கேட்பதில்லை. குழுவில் உட்காருபவரோ பிறர் விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமையைப் பெறுகிறார். சம்பளம் இல்லாமல் சமாதானக் குழுவில் இருப்பவரிடம் இந்த இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன. காசு வாங்காதவரும் பேரும் செல்வாக்கும் சேர்த்துக்கொள்ள முடியும். அப்படியானால் குழுப் பணி பலன் கருதாப் பணியாக இருக்க முடியுமா என்ற கேள்வி எழுகிறது.

பலன் கருதாச் செயலே கீதையின் சாரம் என்று கொண்ட காந்தி, தம் கீதை மொழிபெயர்ப்புக்கு ‘அனாசக்தி யோகம்’ என்று பெயரிட்டார். 1938 ஜூனில் ‘ஹரிஜன்’ இதழில் அமைதிப் படையினரின் தகுதிகளை வகுத்தபோது, அகிம்சையையும் எல்லா மதங்களிடமும் சம மதிப்பையும் வலியுறுத்தினார். கூடவே, தொண்டர் உள்ளூர்க்காரராக இருப்பது நல்லது என்றும், சண்டையில்லாத காலத்திலேயே மக்களுக்குப் பணி செய்து பழகியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தார். கலவரத்தன்று முதன்முறையாக வந்து நிற்பவரின் பேச்சு எடுபடாது.

காந்தியின் சீடர் வினோபா பாவே 1957இல் கேரளத்தில் சாந்தி சேனை என்ற அமைதிப் படையைத் தொடங்கினார். அதற்குத் தலைமையேற்ற கே. கேளப்பன் கட்சி அரசியலிலிருந்து விலகினார். 5,000 பேருக்கு ஒரு தொண்டர் என்பது வினோபாவின் கணக்கு. அவர் பரப்பிய சர்வோதய பாத்திரத்தில் வீட்டுக் குழந்தை தன் கையால் தினமும் ஒரு பிடி தானியம் போட வேண்டும். தானியத்தின் அளவைவிட, அந்த வீடு தொண்டருக்குத் தரும் சம்மதமே அதில் முக்கியம். அந்தச் சம்மதத்தைத் தவிர தொண்டருக்கு வேறு அதிகாரம் கிடையாது.

உள்ளூர்க்காரராக இருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு சிறு கிராமத்தில் வரப்புத் தகராறோ திருவிழாத் தகராறோ வந்தால், குழுவில் இருப்பவர் ஒரு தரப்புக்குப் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருக்கக்கூடும். நம்பிக்கை தரும் நெருக்கமே பாரபட்சத்துக்கும் வழி விடுகிறது.

தமிழ்நாட்டின் பழைய சபைகள் இதை விதிகளால் எதிர்கொண்டன. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) வாரியங்கள் எனப்பட்ட ஊர்க் குழுக்களுக்குக் குடவோலை முறையில், அதாவது குடத்திலிட்ட ஓலைகளில் ஒன்றை எடுத்து, ஆள் தேர்ந்தெடுத்ததை விவரிக்கின்றன. 360 நாள் பதவி. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய மாமனார், மைத்துனர், சிற்றன்னை, பெரியன்னை மக்கள் என உறவினரும் விலக்கப்பட்டனர். அது நிலமுடைய பிராமணர்களின் சபை என்பதால் ஊரின் பெரும்பகுதி மக்களுக்கு அங்கே குரலில்லை. தனிமனிதரின் நல்ல மனத்தை நம்பாமல் விதியை நம்பியதே அதிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது.

தொண்டா அதிகாரமா என்ற கேள்வி முடிவெடுக்கும் முறையிலும் வருகிறது. வாக்கெடுப்பில் ஒரு தரப்பு தோற்கிறது. சமாதானத்துக்காகக் கூடியவர்கள் தங்களுக்குள்ளேயே தோற்றவர்களை உண்டாக்கலாமா? குவேக்கர் கிறித்தவர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து வாக்கெடுப்பின்றிக் கூடுகிறார்கள். மௌனத்தில் தொடங்கும் கூட்டத்தில், எழுத்தர் எல்லோருடைய பேச்சையும் கேட்டு, கூட்டத்தின் கருத்தைக் குறிப்பாக எழுதி அங்கேயே படித்துக் காட்டுவார். ஏற்கப்பட்டால்தான் அது முடிவு. சர்வோதயத் தொண்டர்களின் அமைப்பான சர்வ சேவா சங்கமும் ஒருமனதான முடிவையே விதியாகக் கொண்டது.

ஒருமனதான முடிவுக்கும் எல்லை உண்டு. 1974இல் பீகாரில் அரசை எதிர்த்து எழுந்த இயக்கத்தில், அதற்குத் தலைமையேற்ற ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு சேர்வதா என்பதில் சங்கத்தினர் பிரிந்து நின்றனர். பெரும்பான்மையோர் ஆதரித்தும் ஒருமித்த முடிவு வரவில்லை. உண்மை, அகிம்சை, புலனடக்கம் ஆகியவற்றைக் காத்து அவரவர் வழியில் போகலாம் என்றார் வினோபா. அவ்வாண்டு டிசம்பர் 25இல் அவர் ஓராண்டு மௌன விரதம் தொடங்கினார். பிளவு மட்டும் ஆறவில்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருப்பது சில நேரங்களில் அநீதிக்கு அவகாசம் கொடுப்பதாகிவிடும்.

எனவே குழுப் பணி தானாகவே தொண்டாகிவிடுவதில்லை. கணக்குக் காட்டுவது, தவணை முடிந்ததும் இடத்தை விடுவது, சொந்தக்காரர் வழக்கில் ஒதுங்குவது, தோற்கக்கூடியவரின் சொல்லைக் கேட்பது ஆகிய கட்டுப்பாடுகளுக்கு உறுப்பினர் உட்படும்போதுதான் அதிகாரம் தொண்டாகிறது.