மணியாச்சிக்குப் போன வாலிபர்

நம் எட்டயபுரத்துக்கு மணியாச்சி அதிக தூரமில்லை. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி காலை, அந்த ஸ்டேஷனில் நின்ற ரயிலில் கலெக்டர் ஆஷ் துரை தம் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலிலிருந்த பிள்ளைகளைப் பார்க்கப் பயணம். வாஞ்சிநாதன் என்ற 25 வயது வாலிபர் அவரைச் சுட்டுக் கொன்றார். பிறகு தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார்.

அன்பர்களே, அச்செயலைப் போற்றுவோர் உண்டு. அந்த ஸ்டேஷனுக்கே இன்று அவர் பெயர். ஐந்தாம் கற்பனையைப் படித்த நாம் கொலையைக் கொலை என்றே சொல்லவேண்டும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் விளங்காது. புனலூரில் காட்டிலாகா உத்தியோகமும், வீட்டில் மனைவியும் உள்ளவர் ஏன் இரகசியச் சங்கத்தில் சேர்ந்தார்?

அநியாயத்தைக் கண்ட கோபம் என்பார்கள். மெய்தான். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். ஒளிவு மறைவில்லாத வேலை அது. ஆசியர் யாரும் பங்கு வாங்கலாம், சரக்கு ஏற்றலாம். 1908 மார்ச்சில் அவரைப் பிடித்து அடைத்தார்கள். திருநெல்வேலியில் கலகம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டார்கள். ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அப்பீலில்தான் குறைந்தது. தலைவாசலை அடைத்தால் கொல்லைவாசல் தேடுவோர் உண்டு.

ஆயினும் அந்தக் கோபம் ஜில்லா முழுவதற்கும் பொது. பருத்தி விளைத்த சம்சாரிக்கும், மில் கூலிக்கும் அது இருந்தது. அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லையே! வாஞ்சியைச் சங்கத்தாரிடம் கொண்டுசேர்த்தவர் அவருடைய மைத்துனர் சங்கரகிருஷ்ணன். அங்கே நடந்ததைப் பிற்பாடு வழக்கில் சாட்சியாகச் சொன்னார்கள்: காளி படத்தின் முன் சத்தியம், குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் இரத்தமென்று குடித்தல், விரலைக் கீறிக் கையொப்பம். ஆபீசில் பலரில் ஒருவனாயிருந்தவன் அந்த இரவோடு பொறுக்கி எடுக்கப்பட்டவன் ஆகிவிடுகிறான். பின்வாங்க நினைத்தால் சொந்த மைத்துனர் முகமல்லவா முன்னே வந்து நிற்கும்! இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் ஆயிரக்கணக்கான தமிழ் வாலிபர்கள் இயக்கங்களில் சேர்ந்தபோதும், எந்த இயக்கம் என்பதைப் பலருக்குத் தீர்மானித்தது கொள்கையல்ல. பள்ளித்தோழனோ, பக்கத்து வீட்டு அண்ணனோதான்.

அந்தக் கோபத்துக்குள் வேறு சரக்கும் இருந்தது. வாஞ்சியிடம் கிடைத்த கடிதத்தில் நாட்டு விடுதலையோடு, சனாதன தர்மம் அழிகிறதே என்ற கலக்கமும், கோமாமிசம் தின்பவனுக்கு முடிசூட்டா என்ற அருவருப்பும் கலந்திருந்தன. 3000 பேர் சத்தியம் செய்திருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது. சேர வருகிற பையனிடம் தொகையைப் பெரிதாக்கித்தான் சொல்வார்கள். தனியாகச் சாக எவனுக்குத்தான் மனம் வரும்? வழக்கில் கூண்டேறி நின்றவர்கள் 14 பேர்.