எத்தனை மீன் தாங்கும்?

போர்ட் கிள்ளானில் பவளத் தொட்டி வைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. மலாக்கா நீரிணை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் சேறு கலங்கிய அந்தத் தண்ணீரை யாரும் தொட்டியில் ஊற்றமாட்டார்கள். குழாய்த் தண்ணீரை வடிகட்டி, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைத்து, வீட்டுக்குள்ளேயே ஒரு கடல் செய்கிறோம்.

என்னுடையது நாலடித் தொட்டி. 120க்கு 50க்கு 50 செண்டிமீட்டர், 300 லிட்டர். கல், மணல் போனால் இன்னும் குறையும். இதற்கு புரோட்டின் ஸ்கிம்மர் தேடினால் கடையில் கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "பெருசா எடுத்துக்குங்க அண்ணே, இன்னும் நாலு மீன் போடலாம்." இதை வெறும் வியாபாரப் பேச்சாக எனக்கு எடுத்துக்கொள்ள முடியவில்லை. அழுக்கை எவ்வளவு அள்ள முடியுமோ அவ்வளவு உயிர்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அப்படியா?

ஸ்கிம்மர் பொடிக் குமிழ்களைத் தண்ணீருக்குள் அடிக்கிறது. மீன் கழிவிலும் மிச்ச இரையிலும் இருந்து கரைந்த புரதம் குமிழில் ஒட்டி, நுரையாக ஏறி, கோப்பையில் பழுப்புச் சாறாகச் சேர்கிறது. அழுகி அமோனியா ஆவதற்குள் வெளியே வந்துவிடுகிறது. நல்ல கருவிதான். ஆனால் அது தொட்டியை ஓர் அங்குலம்கூட நீட்டித் தராது. நீல டாங் வளர்ந்தால் 30 செண்டிமீட்டர் வரும். அதன் உடம்பைப் போல நாலு மடங்குதான் என் தொட்டி. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்து என்ன, நீந்துகிற மீனுக்கு நீந்த இடம் வேண்டாமா?

"கடல்ல பெரிய மீன் தின்னுடும், இங்க நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்குதே" என்பார்கள். பாங்காய் கார்டினல் மீனைப் பாருங்கள். இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளைச் சுற்றியுள்ள கடல்தான் அதன் சொந்த இடம். அலங்கார மீன் வியாபாரத்துக்காக அள்ளி அள்ளி, 2007இல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நாம் அதைக் காப்பாற்றிக் கொண்டுவரவில்லை, பிடித்துக் கொண்டுவந்தோம்.

கோப்பை இருக்கிற தைரியம் தொட்டியோடு நிற்பதில்லை. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவை மூடியதும், பணக்கார நாடுகளின் குப்பை எங்கள் துறைமுகத்துக்கும் வந்தது. 150 கண்டெய்னர்களைத் திருப்பி அனுப்பியதாக 2020 ஜனவரியில் மலேசியா அறிவித்தது. தாராளமாக வாங்கி எறிந்தவர்களுக்கும் ஒரு கோப்பை இருந்தது. அது எங்கள் ஊரில் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் என் கணக்கு தலைகீழ். முதலில் மீன். அது வளர்ந்தபின் வரும் அளவு, அதன் சுபாவம், எங்கிருந்து வந்தது என்பதெல்லாம். பண்ணையில் பிறந்த இரண்டு கிளவுன் மீன், ஒரு சின்ன கோபி, போதும். பிறகுதான் அவற்றுக்கு ஏற்ற ஸ்கிம்மர். மிகப் பெரியதாக வாங்கினால் நுரை கட்டவே போதிய அழுக்கு இருக்காது. பவளத்துக்கும் கொஞ்சம் சத்து தண்ணீரில் மிஞ்ச வேண்டும்.

வருகிறவர்கள் "தொட்டி காலியா இருக்கே" என்கிறார்கள். காலி இல்லை. மூன்று பேர் குடியிருக்கிறார்கள்.