கொசுறும் கவரும்

காய்கறிக் கடையில் அரைக் கிலோ தக்காளியும் ஒரு கட்டு கீரையும் வாங்கினால், கேட்காமலேயே இரண்டு பொருள்கள் கூட வரும். ஒன்று, ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு தண்டு மல்லித்தழையும். மற்றொன்று, எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு கவர். இரண்டுக்கும் காசு இல்லை. முதலாவதைக் கொசுறு என்கிறோம். இரண்டாவதையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறோம். ஆனால் கறிவேப்பிலையைக் கடைக்காரர் தம் லாபத்திலிருந்து விட்டுக்கொடுக்கிறார். அது அன்று இரவுத் தாளிப்போடு தீர்ந்துவிடுகிறது. கவருக்கு அவர் மொத்தக் கடையில் கொடுத்த காசு, அதன் முழு விலையில் ஒரு சிறு பங்குதான். மிச்சத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

அவர்கள் யார், அவர்களைக் கேட்காமல் அவர்கள் செலவில் கொடை கொடுக்கலாமா? கடைகள் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்த வேண்டுமா என்ற விவாதத்தின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. தடிமன் எதுவானாலும் கேரி பேக் அதில் அடக்கம். ஒன்றிய அரசின் விதி தடிமனைப் பார்க்கிறது: 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பை கூடாது. நீலகிரியிலோ இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாவட்ட நிர்வாகம் பிளாஸ்டிக் பைக்கு எதிராக இறங்கிவிட்டது. ஆனாலும் பூக்கடையிலும் மீன் சந்தையிலும் தள்ளுவண்டியிலும் கவர்க் கட்டு இன்னும் தொங்குகிறது. சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அது மேசைக்கு அடியில் போகும். அபராதத்துக்கு அஞ்சி ஒளித்துவைப்பவர் அகப்படுவதைத்தான் தவறாக நினைக்கிறார், கொடுப்பதை அல்ல. அதனால்தான், சட்டம் முடித்துவிட்ட இடத்தில் அறம் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

தமிழ் மனத்துக்கு இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. கொடுப்பதை உயர்வாகவும் மறுப்பதை இழிவாகவும் பேசிப் பழகிய மரபு நம்முடையது. திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரம் தனியே இருக்கிறது. பானை காலியானால்கூட ‘அரிசி இல்லை’ என்னாமல் ‘அரிசி நிறைஞ்சிருக்கு’ என்று மாற்றிச் சொன்ன வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு வியாபாரி, வாசலுக்கு வந்தவரிடம் ‘கவர் இல்லை’ என்று சொல்வது எளிதல்ல. அவர் மறுப்பது ஒரு பையை. வாங்க வந்தவர் காதில் விழுவது மரியாதைக் குறைவு. அடுத்த கடையில் கேட்காமலே கிடைக்கும் என்றால், நாளை அவர் அங்கே போய்விடவும் கூடும்.

ஆனால் ஈகைக்கு ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. கொடுக்கப்படும் பொருள் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னையில் இறக்கிய இளநீரை விருந்தாளிக்கு வெட்டிக் கொடுப்பவரை யாரும் வள்ளல் என்பதில்லை.

கவரின் முழு விலையைக் கட்டுபவர்களில் வாயில்லாத ஒன்றிலிருந்து தொடங்கலாம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அறுவைசிகிச்சை நடந்தது. வயிற்றிலிருந்து வெளியே எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. பசு பிளாஸ்டிக்கை விரும்பித் தின்பதில்லை. மிஞ்சிய சோற்றையும் காய்கறித் தோலையும் மனிதர்கள் கவரில் போட்டு முடிச்சிட்டு எறிகிறார்கள். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கை இல்லை, கவரோடு விழுங்குகிறது. உள்ளே போனது செரிக்காது; சாணத்தோடு வெளியேறவும் செய்யாது. முதல் இரைப்பையிலேயே தங்கித் திரண்டு, தீவனத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

அடுத்து மழைநீர் வடிகால். சில கிராம் எடையுள்ள ஒரு பை தனியாக எதையும் அடைத்துவிடாது. நூறு பை ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் தண்ணீருக்கு வழி இருக்காது. உலகில் முதன்முதலாக மெல்லிய பாலித்தீன் பையை நாடு முழுவதும் தடை செய்தது, 2002இல் வங்கதேசம். 1988, 1998 ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் டாக்காவின் வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. வெள்ளம் எல்லார் வீட்டுக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. தாழ்வான இடத்தில் குடிசை போட்டவர் வீட்டுக்குத்தான் முதலில் வரும்.

மூன்றாவதாக, அந்த அடைப்பில் இறங்கும் மனிதர். கவர்கள் சிக்கிய சாக்கடையைக் கம்பியாலும் கையாலும் வாரி எடுக்கிற தூய்மைப் பணியாளர், அந்தப் பைகளில் எதையும் வாங்கிவந்தவர் அல்லர். பழைய பொருள் சேகரிப்பவருக்கும் இதனால் பயனில்லை. தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுப்பவர் அழுக்குக் கவரைத் தொட மாட்டார். ஒரு கிலோ சேர்க்க நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். அத்தனையையும் கழுவிக் காயவைத்தாலும் எடைக்கடையில் நல்ல விலை வராது. வேறு வழியின்றிக் குப்பைமேட்டில் எரியும்போது அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களும் மேட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களே. வசதியை அனுபவிப்பது ஒரு கூட்டம், விலை கொடுப்பது இன்னொரு கூட்டம் என்றால், அதை இலவசம் என்று அழைப்பது சரியான சொல் அல்ல.

இவ்வளவும் கொடுக்காமல் இருப்பதன் பக்கம் பேசும் வாதங்கள். மறுபக்கத்தில் எளிதில் தள்ளிவிட முடியாத மூன்று வாதங்கள் இருக்கின்றன.

முதல் வாதம், துணிப்பையும் காகிதப்பையும் குற்றமற்றவை அல்ல என்பது. இது உண்மை. பருத்திக்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், பூச்சிமருந்து வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, காலநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு சாதாரணப் பருத்திப் பையை ஐம்பது தடவைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது கடைகள் தரும் பிளாஸ்டிக் பைக்குச் சமம். எல்லா வகைப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. அந்தக் கணக்கில் தெருவில் வீசப்படும் பையின் பாதிப்பு சேரவில்லை. ஒழுங்காகக் குப்பை அள்ளும் நாட்டுக்கான கணக்கு அது. நம் ஊர் மாட்டின் வயிறு அதில் வராது. ஆனாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கல்யாண வீட்டிலும் புத்தகக் காட்சியிலும் கட்சி மாநாட்டிலும் வாங்கிவந்த துணிப்பைகள் அலமாரியில் இருபது சேர்ந்திருக்க, கடைக்கு மட்டும் வெறுங்கையோடு போகிறவர் பிளாஸ்டிக்கை ஒழிக்கவில்லை. பருத்தியையும் சேர்த்து வீணடிக்கிறார். துணி போலவே தோன்றும் ‘நான் ஓவன்’ பையோ இன்னும் மோசமான ஏமாற்று. அதுவும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழைதான்.

கவனித்துப் பார்த்தால் இந்த வாதம் கவருக்கு ஆதரவாகப் பேசவில்லை. எந்தப் பையானாலும் ஒருமுறையோடு எறிவதற்கு எதிராகத்தான் பேசுகிறது. கைப்பிடியோடு கூடிய பிளாஸ்டிக் பையை வடிவமைத்த ஸ்வீடன் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலின், ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பாராம். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கத்தான் திரும்பத் திரும்பப் பயன்படும் பையை அவர் நினைத்தார் என்று அவருடைய மகன் பின்னாளில் சொன்னார். 1965இல் காப்புரிமை பெற்ற அந்தப் பை வலுவாகத்தான் இருந்தது. அதை ஒருநாள் பொருளாக்கியது இலவசம். விலை இல்லாததற்கு வீட்டில் ஆணியில் இடம் கிடைப்பதில்லை.

இரண்டாம் வாதம் சுதந்திரத்தைப் பற்றியது. வாங்குபவருக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை வாங்குபவர்தானே முடிவு செய்ய வேண்டும்? இதற்கு அயர்லாந்து ஒரு நல்ல விடை வைத்திருக்கிறது. 2002 மார்ச்சில் அந்த நாடு பையைத் தடை செய்யவில்லை. ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டது. ஆண்டுக்கு ஆளுக்குச் சுமார் 328 பை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் 21க்கு வந்துவிட்டார்கள். வேண்டும் என்றவர் வாங்க யாரும் தடையாக இல்லை. ஆனால் விலை கேட்டதுமே, முன்னூறுக்கு மேற்பட்ட தடவை அந்தப் பை தேவைப்படவே இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்துபோனது. கேட்காமல் கையில் திணிக்கப்பட்டதை விருப்பம் என்று சொல்ல முடியாது. அது வெறும் பழக்கம்.

இங்கே பெரிய கடைகளுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. அயர்லாந்தில் அந்தக் காசு சுற்றுச்சூழல் நிதிக்குப் போனது, கடைக்கல்லாவுக்கு அல்ல. 2019இல் சண்டிகரில் ஒரு காலணிக் கடை, தன் விளம்பரம் அச்சிட்ட காகிதப்பைக்கு வாடிக்கையாளரிடம் 3 ரூபாய் வாங்கியது. நுகர்வோர் மன்றம் அதைத் தவறு என்று தீர்ப்பளித்தது. காசும் வாங்கி, தன் பெயரையும் ஊர் முழுக்கச் சுமந்து போகச் செய்வது சுற்றுச்சூழல் அக்கறை ஆகாது. பைக்கு விலை வைக்கலாம். அந்த விலையில் லாபம் வைக்கக் கூடாது.

மூன்றாம் வாதம்தான் உண்மையில் கனமானது: ஏழையின் வாதம். மாலையில் கூலி வாங்கிக்கொண்டு, பேருந்து இறங்கிய இடத்திலேயே அரிசியும் பருப்பும் வாங்கிப் போகிறவர் காலையில் பை எடுத்துவர மறந்தால் என்ன செய்வது? தினம் முழம் போட்டுப் பூ விற்கும் அம்மாவிடம், கவருக்குப் பதில் துணிப்பை கொடு என்று எந்த வாயால் சொல்வது? சொட்டும் மீனையும் ஈர மாவையும் துணிப்பையில் போட முடியுமா? பல கடைகள் கொண்ட நிறுவனம் பொரி உருண்டை முதல் சலவைத்தூள் வரை எல்லாவற்றையும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறையில் விற்கலாம். அதைப் போட்டுக் கொடுக்கும் கவருக்கு மட்டும் சின்னக் கடைக்காரர் அபராதம் கட்ட வேண்டும் என்பது நீதியா?

நீதி அல்ல. ஆனால் அந்த அநீதியிலிருந்து பிறக்க வேண்டிய முடிவு, எல்லாரும் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும் என்பதல்ல. யார் முதலில் நிறுத்த வேண்டும் என்ற வரிசை. தயாரிப்பவர் முதலில். அடுத்து, மாற்றுவழிக்குச் செலவு செய்யத் திராணியுள்ள ஜவுளிக்கடையும் பல்பொருள் அங்காடியும். பிறகு மளிகைக் கடை, உணவகம். பூக்கூடைக்காரரும் தள்ளுவண்டிக்காரரும் கடைசி. நடப்பிலோ சோதனைக்கு வரும் கை எளிதாக எட்டுவது தள்ளுவண்டியைத்தான். வரிசை தலைகீழாக இருக்கும்வரை தடைக்கு அறத்தின் பலம் கிடைக்காது.

கடமை, மறுப்பதோடு முடிந்துவிடுவதும் இல்லை. ‘இல்லை’ என்று சொல்லும் கடை ஒரு வழியையும் காட்ட வேண்டும். அந்த வழிகள் நமக்குப் புதியவை அல்ல. முன்பெல்லாம் மளிகைக் கடைகளில் உத்தரத்திலிருந்து நூல் இறங்கும். செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலத்தைச் சுற்றிக் கட்டி, பட்டென்று அறுத்துக் கொடுப்பார்கள். மல்லிகைப்பூ வாழையிலையில் மடிந்து நாரில் கட்டுண்டு வரும். சாம்பாருக்குத் தூக்குவாளி போகும், எண்ணெய்க்குப் பாட்டில் போகும். அந்தக் காலம் முழுதாகத் திரும்பாது. அச்சுமை ஒட்டிய தாளில் பலகாரம் மடிப்பது நல்லதும் அல்ல. ஆனால் மீன் வாங்கப் போகிறவர் ஒரு தூக்குச்சட்டி எடுத்துப்போவது இன்றும் முடிகிற காரியம். பாத்திரம் கொண்டுவந்தவருக்கு உணவகம் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றலாம். மறந்து வந்தவருக்கு மளிகைக் கடை ஒரு பழைய கட்டைப்பையை இரவல் கொடுத்து மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். தெருக்கடையில் கணக்கு நோட்டில் அரிசியே கடனாகப் போகும்போது ஒரு பை கடனாகப் போகாதா?

வாங்குபவர் பங்கும் இதில் உண்டு. மஞ்சப்பையைக் கையில் பிடித்தவரை நாட்டுப்புறத்தார் என்று நகரம் ஏளனம் செய்த காலம் ஒன்று இருந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற பெயரில் அரசே ஓர் இயக்கம் தொடங்க வேண்டிவந்ததும், கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்ததும், அந்த ஏளனத்துக்குக் கட்டிய அபராதம் என்றே சொல்லலாம். இயந்திரம் பையைக் கொடுக்கும். அதை மடித்து நாளைக்கும் எடுத்து வரும் நினைவை அவரவரேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

எனவே விடை இது: கடைகள் பை கொடுப்பதை நிறுத்தத்தான் வேண்டும், வலியவர் முதலில், எளியவர் கடைசியில், மாற்றுவழியைக் கையில் வைத்துக்கொண்டு. பிறர் செலவில் கொடுப்பதை நிறுத்துவது கஞ்சத்தனம் அல்ல. வாங்க வந்தவரிடம் முகம் சுளிப்பதும் அல்ல. ‘அக்கா, பை கொண்டாந்திருக்கீங்களா?’ என்று தராசை நிமிர்த்தும் முன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நீட்டிய பையில் தக்காளியைக் கொட்டிவிட்டு, மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாம். அது அவருடைய பொருள். கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது.